வீட்டுக் குளமும் ஊர்க் குளமும்

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் உத்தனப்பள்ளி வரைக்கும் இரண்டு வகை விளம்பரப் பலகைகள் மாறி மாறி வரும். ஒன்று விவசாயிகளுக்கானது: தக்காளி நாற்று, சொட்டுநீர்க் குழாய், பசுமைக்குடில் ஷீட், போர்வெல் போடும் லாரியின் செல்போன் எண். இன்னொன்று மனையும் வில்லாவும் வாங்க வருகிறவர்களுக்கானது. இந்த இரண்டாவது வகைப் பலகையில் தென்னை மரமும் சிரிக்கும் குடும்பமும் இருக்கிறதோ இல்லையோ, நீல நிறத்தில் ஒரு செவ்வகம் கட்டாயம் இருக்கும். நீச்சல்குளம்.

பெங்களூரில் சம்பளம் வாங்கி, அந்த ஊர் விலைக்கு வீடு வாங்க முடியாத என்னைப் போன்ற மென்பொருள் ஆட்களுக்காக வைக்கப்பட்ட பலகைகள் இவை. போன வருடம் நிறைய ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மனைவியும் இந்தச் சாலையில் போய் வந்தோம். ஒரு திட்டத்தின் விற்பனையாளர் லேஅவுட் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்: "சார், உங்களுக்குப் பின்பக்கம் தனி பூல் வேணுமா, இல்ல கிளப் ஹவுஸ்ல இருக்கற காமன் பூல் போதுமா?"

காரில் சன்ரூஃப் வேண்டுமா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். ஆனால் இதே கேள்வியில் சிக்கி அமெரிக்க நகரங்கள் தம் குளங்களை மூடியிருக்கின்றன. மஹாராஷ்டிராவில் ஒரு குளத்துக்காகப் பத்து வருடம் வழக்கு நடந்திருக்கிறது. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஏறக்குறைய 1,900 கோடி ரூபாய்க் குடிநீர்த் திட்டம் ஒன்று வந்ததற்குப் பின்னாலும் இந்தக் கேள்வியின் ஒரு வடிவம் இருக்கிறது. தனித் தண்ணீரா, பொதுத் தண்ணீரா என்று ஊர்கள் முடிவெடுத்தபோதெல்லாம், யாரோடு சேர்ந்து குளிக்கலாம், யாரோடு கூடாது என்ற இன்னொரு முடிவும் கூடவே எடுக்கப்பட்டிருக்கிறது. அந்த இரண்டாவது முடிவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

முதலில் கணக்கு. என்ஜினியரிங் படித்தவனுக்கு அதுதான் கைவரும்.

வில்லாவின் பின்பக்கம் வைக்கிற சுமாரான குளம் 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.2 மீட்டர் என்று வைப்போம். கொள்ளளவு 21,600 லிட்டர். கிராமங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் தர வேண்டும் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல். அப்படிப் பார்த்தால் ஒரு முறை நிரப்பும் தண்ணீர் 393 பேரின் ஒரு நாள் தேவை. வெயிலில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகும் என்று கொண்டால், 18 சதுர மீட்டர் பரப்பிலிருந்து தினம் 90 லிட்டர் காற்றில் போகும். வீட்டில் கூடுதலாக ஒன்றரை ஆள் இருப்பதற்குச் சமம்.

இப்போது பொதுக் குளம். 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், அதே ஆழம். மூன்று லட்சம் லிட்டர். கேட்டால் பயமாக இருக்கிறது. ஆனால் 100 வீடுகள் பகிர்ந்துகொண்டால் வீட்டுக்கு 3,000 லிட்டர்தான், ஆவியாவதில் வீட்டின் பங்கு தினம் 12.5 லிட்டர். எந்த வகையில் பார்த்தாலும் தனிக் குளம் ஏழு மடங்கு அதிகம் குடிக்கிறது. தவிர, வில்லாவின் குளத்தில் நாலு எட்டு நீந்தினால் சுவர் வந்துவிடும்.

இந்தக் கணக்கை எனக்கு முன்னால் இன்னும் சுத்தமாகப் போட்டவர் ஜேம்ஸ் புக்கனன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர். 1986இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் 1965இல் எழுதிய, கிளப்புகளின் பொருளாதாரக் கோட்பாடு பற்றிய கட்டுரையில் எடுத்துக்கொண்ட உதாரணமே நீச்சல்குளம்தான். ஒருவனே குளம் வெட்டினால் செலவு முழுக்க அவன் தலையில். இன்னொருவன் சேர்ந்தால் பாதி. ஆள் சேரச் சேரச் செலவு குறையும், ஆனால் கூட்டம் கூடும். செலவு குறைவதால் வரும் நிம்மதியும் கூட்டத்தால் வரும் எரிச்சலும் சமமாகும் புள்ளியில் கதவைச் சாத்திவிட வேண்டும். அந்த எண்ணிக்கைதான் சரியான கிளப்.

லாஜிக் சரியாகத்தான் இருக்கிறது. அந்தச் சமன்பாட்டில் உறுப்பினர்கள் வெறும் எண்கள். 40 பேரா, 400 பேரா என்பதுதான் கேள்வி, எந்த 40 பேர் என்பது இல்லை. புக்கனன் அதை எழுதியபோது வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அதே வர்ஜீனியா மாநிலத்தில், அதே வருடங்களில், நிஜமான ஒரு நீச்சல்குளக் கிளப்பில் எந்த ஆள் என்பது மட்டும்தான் கேள்வியாக இருந்தது.

*

அமெரிக்கக் கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும். ஜெஃப் வில்ட்ஸி என்ற வரலாற்றாசிரியர் 2007இல் வெளியிட்ட 'கன்டெஸ்டட் வாட்டர்ஸ்' அந்நாட்டு நீச்சல்குளங்களின் சமூக வரலாறு. அதில் என்னை நிறுத்தி வைத்த தகவல் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வட மாநில நகரங்கள் ஏழைகளுக்காகப் பொதுக் குளங்கள் கட்டியபோது ஆணுக்கு ஒரு நாள், பெண்ணுக்கு ஒரு நாள் என்று பிரித்தார்கள். நிறத்தால் பிரிப்பது அங்கே அவ்வளவு இறுக்கமாக இல்லை. 1920களிலும் 30களிலும் ஆணும் பெண்ணும் ஒரே குளத்தில் இறங்க ஆரம்பித்த பிறகுதான் கறுப்பின ஆண்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். சுத்தம், நோய், கூட்டம் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. உள்ளே இருந்த பயம் வேறு. நம் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பயத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. காதலும் கல்யாணமும் சாதி தாண்டிவிடும் என்ற பயம் நமக்கு நன்றாகவே தெரியும்.

1949 ஜூன் 21. செயின்ட் லூயிஸ் நகரின் ஃபேர்கிரவுண்ட் பார்க் குளம் எல்லா நிறத்தவருக்கும் திறக்கப்பட்டது. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் இறங்கக்கூடிய பிரமாண்டமான குளம். முதல் நாளே வெளியே கும்பல் கூடி, குளித்துவிட்டு வந்த கறுப்பினச் சிறுவர்களை அடித்தது. அதற்கப்புறம் நடந்ததுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். நீதிமன்றம் அந்தக் குளத்தை எல்லாருக்கும் உறுதிப்படுத்தியது. வெள்ளையர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

தெற்கே இன்னும் வெளிப்படை. மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகராட்சி ஐந்து குளங்களை நடத்தியது. நாலு வெள்ளையருக்கு, ஒன்று கறுப்பினத்தவருக்கு. பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு வந்ததும் குளங்கள் நடத்துகிற வேலையையே நகராட்சி விட்டுவிட்டது. நாலு மூடப்பட்டன. ஐந்தாவது குத்தகைக்கு எடுத்தது, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1971இல் 'பாமர் எதிர் தாம்சன்' வழக்கில் 5க்கு 4 என்ற கணக்கில் நகராட்சி ஜெயித்தது. எல்லாருக்கும்தானே மூடியிருக்கிறார்கள், இதில் சமத்துவத்துக்கு என்ன குறை என்பது தீர்ப்பின் சாரம். பக்கத்து வீட்டுக்காரனோடு தண்ணீரைப் பகிர்வதைவிடத் தன் பிள்ளையும் வெயிலில் காயட்டும் என்று ஒரு நகரமே முடிவெடுக்க முடிந்திருக்கிறது.

வசதி இருந்தவர்கள் காயவில்லை. வில்ட்ஸி தரும் எண்கள்: 1950இல் அமெரிக்க வீடுகளில் தரையில் வெட்டிய தனிக் குளங்கள் சுமார் 2,500. 1999இல் சுமார் 40 லட்சம். இதற்கு முழுக்க நிறவெறிதான் காரணம் என்று சொன்னால் அது சோம்பேறித்தனம். போருக்குப் பிந்தைய செழிப்பு, புறநகர் வீடுகள், கார், மலிவான கான்கிரீட் எல்லாம் சேர்ந்துதான் அந்த எண்ணிக்கை. ஆனால் பொதுக் குளம் உண்மையிலேயே பொதுவாகிற அதே வருடங்களில்தான் பின்கட்டுக் குளம் நாகரிகமானது. இதைத் தற்செயல் என்று அந்தப் புத்தகத்தைப் படித்தவர்கள் சொல்ல மாட்டார்கள்.

பின்கட்டுக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு மூன்றாவது வகை முளைத்தது. அதுதான் இன்று உத்தனப்பள்ளிச் சாலையில் விற்கப்படும் 'கம்யூனிட்டி பூல்'. வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுன்ட்டியில் லிட்டில் ஹன்ட்டிங் பார்க் என்ற சங்கம், அந்தப் பகுதி வீட்டுக்காரர்களுக்காகப் பூங்காவும் நீச்சல்குளமும் நடத்தியது. வீடு வைத்திருப்பவருக்கு ஒரு பங்கு. வீட்டை வாடகைக்கு விட்டால் பங்கையும் வாடகைக்காரருக்கு மாற்றிக் கொடுக்கலாம். பால் சல்லிவன் என்பவர் தன் வீட்டை டி.ஆர். ஃப்ரீமன் என்பவருக்கு வாடகைக்கு விட்டு, பங்கையும் மாற்றிக் கொடுத்தார். ஃப்ரீமன் கறுப்பினத்தவர். சங்கம் மாற்றத்தை ஏற்கவில்லை. சல்லிவன் விடாமல் கேட்டதும் அவரையே சங்கத்திலிருந்து நீக்கியது. 1969 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இருவர் பக்கமும் தீர்ப்புச் சொன்னது. குறிப்பிட்ட இடத்தில் வீடு இருந்தால் யாரையும் சேர்த்துக்கொள்வது, கறுப்பினத்தவரைத் தவிர, என்பது தனியார் கிளப்பே இல்லை என்றது நீதிமன்றம்.

புக்கனனின் சமன்பாட்டில் ஃப்ரீமனும் வெறும் ஒரு எண்தான். ஒரு வாடகைக்காரர் போய் இன்னொருவர் வருகிறார், கூட்டம் கூடவும் இல்லை, செலவு ஏறவும் இல்லை. கணக்குப்படி எதுவுமே மாறவில்லை. ஆனால் சங்கத்துக்கு எல்லாமே மாறிவிட்டது.

*

அமெரிக்காவுக்கு நிறம், நமக்குச் சாதி என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் நம் கதை அதைவிடப் பழசு. தனியார் என்ற சொல்லை ஆயுதமாகப் பயன்படுத்துவதிலும் நாம் அமெரிக்கர்களுக்கு முன்னோடிகள்.

1923இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம், அரசுப் பணத்தில் நடக்கும் குளங்களும் கிணறுகளும் தீண்டப்படாதவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்றது. 1924 ஜனவரியில் மஹாட் நகராட்சி தன் ஊரின் சவுதார் குளத்தைத் திறப்பதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்திலேயே இருந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஊர்வலமாகப் போன மக்கள் அந்தக் குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார்கள். அவர்கள் தாக்கப்பட்டார்கள். பிறகு சாணமும் கோமியமும் கலந்த 108 குடங்களை ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். ஆகஸ்டில் நகராட்சி பழைய தீர்மானத்தை ரத்து செய்தது.

டிசம்பரில் மறுபடி சத்தியாகிரகம் என்று அறிவிப்பு வந்ததும், 12ஆம் தேதி மஹாட் நீதிமன்றத்தில் ஒரு வழக்குப் போடப்பட்டது. வழக்குப் போட்டவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? சவுதார் குளம் பொதுக் குளமே இல்லை, தங்களுடைய தனியார் சொத்து போன்றது என்றார்கள். தீட்டு என்று சொன்னால் அரசின் தீர்மானம் குறுக்கே நிற்கும். சொத்து என்று சொன்னால் சட்டம் பாதுகாக்கும். அதுவரை ஊரே புழங்கிய குளம், எல்லாரும் புழங்கலாம் என்ற நிலை வந்த அன்று, தனியார் குளமாகிவிட்டது.

கீழ் நீதிமன்றங்கள் அதை நகராட்சியின் குளம் என்றே சொன்னாலும் மேல்முறையீடு நீண்டது. 1937 மார்ச் 17இல்தான் பம்பாய் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. நீதிபதி புரூம்ஃபீல்ட், தீண்டப்படாதவர்களை விலக்கிவைக்கும் பழக்கம் நினைவுக்கு எட்டாத காலத்திலிருந்து இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்றார். ஒரு கை தண்ணீருக்கு முதல் தீர்மானத்திலிருந்து 14 வருடம்.

சென்னை மாகாணத்திலும் இதே காலத்தில் இதே வாசகங்கள் ஒலித்தன. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், எந்தப் பொதுச் சாலை, கிணறு, குளம், பொது இடத்திலும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் புழங்குவதற்குத் தடையில்லை என்றது. நடைமுறை எப்படி இருந்தது? அதற்கு ஆறேழு வருடம் கழித்து, ராமநாதபுரத்தில் ஆதிக்க சாதி நாட்டார்கள் பறையர், பள்ளர்களுக்கு விதித்த தடைகளின் பட்டியலை ஜே.எச். ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் பதிவு செய்திருக்கிறார். அதில் ஒன்று, பெண்கள் மண் குடத்தில் மட்டுமே தண்ணீர் எடுக்க வேண்டும், செம்போ பித்தளையோ கூடாது என்பது. தலையில் வைக்கும் சும்மாட்டுக்குத் துணி கூடாது, வைக்கோல்தான் என்றுகூட எழுதி வைத்தார்கள். தண்ணீரை மறுப்பதோடு நிறுத்தாமல், கிடைத்த தண்ணீரைத் தூக்கிவரும் விதத்திலும் கை வைத்தார்கள்.

அரசியலமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவைப் படிக்கும்போது எனக்கு இந்த வரலாறு முழுக்கக் காதில் கேட்கும். கிணறுகள், குளங்கள், குளிக்கும் படித்துறைகள், சாலைகள் என்று அது வரிசையாகப் பெயர் சொல்கிறது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் படித்துறைக்கு இடம் கிடைத்திருக்கிறது என்றால் அங்கே எவ்வளவு அடி விழுந்திருக்க வேண்டும்! ஆனால் அரசுப் பணத்தில் நடப்பவை, பொதுமக்களுக்கென்று விடப்பட்டவை என்பதே அந்தப் பிரிவின் வரம்பு. கேட்டுக்குள் இருக்கும் நீல நிறச் செவ்வகம் அதற்குள் எளிதில் வராது.

*

இதையெல்லாம் படித்துவிட்டு, அந்தக் காலத்தில் ஊர் ஏரி எல்லாருக்கும் பொதுவாக இருந்தது, போர்வெல் வந்து கெடுத்தது என்று பெருமூச்சு விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும். தமிழ்நாட்டின் 39,000 சொச்சம் ஏரிகள் நம் பெருமைதான். குடிமராமத்து என்று ஊரே சேர்ந்து கரையும் மதகும் பார்த்துக்கொண்டதும் உண்மைதான். ஆனால் அந்த வேலைக்கு ஆள் வரவைக்க ஆங்கிலேயர்கள் 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் போட வேண்டியிருந்ததும் உண்மை. ராமநாதபுரம், சிவகங்கைப் பகுதி ஏரிகளை ஆராய்ந்த டேவிட் மோஸ், 'தி ரூல் ஆஃப் வாட்டர்' நூலில் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: ஏரி வெறும் நீர்த்தேக்கம் அல்ல, அது அதிகாரம் நிறைந்த இடம். யார் மரியாதை வாங்குவது, யார் மண் சுமப்பது என்பதெல்லாம் அங்கேதான் முடிவானது.

கிருஷ்ணகிரி, கோலார்ப் பக்கங்களில் மதகைத் திறந்து வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சுகிறவரை நீர்க்கட்டி என்பார்கள், கன்னடத்தில் நீருகண்டி. பல ஊர்களில் அந்த வேலை தலித் குடும்பங்களுடையது. ஊரின் அத்தனை வயலுக்கும் தண்ணீரைப் பங்கு பிரித்துக் கொடுத்தவர்தான், ஊர்க் கிணற்றில் வாளி விட முடியாமல் நின்றவரும்.

நான் நீச்சல் கற்றது காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு பம்ப்செட் கிணற்றில். அது ஒருவருக்குச் சொந்தமான கிணறு. ஆனால் கோடை விடுமுறையில் எங்கள் தெருப் பையன்கள் அத்தனை பேரும் அதில்தான் கிடப்போம். பெரியப்பா காலத்தில் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி இறக்கிவிடுவார்களாம். எங்கள் காலத்தில் காலி எண்ணெய் கேன். "கையக் கால ஒதறுடா, தண்ணி தூக்கிக்கும்" என்பதுதான் மொத்தப் பயிற்சியும். பத்திரத்தில் தனியார், பழக்கத்தில் பொது. ஆனால் எங்கள் தெருவுக்குப் பொது. காலனிப் பையன்கள் அந்தக் கிணற்றில் இறங்கி நான் பார்த்ததில்லை. இறங்கக் கூடாது என்று யாரும் சொல்லியும் கேட்டதில்லை. பலகை எதுவும் மாட்டாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவர்கள் ஏரிக்குப் போவார்கள். ஏரியில் சேறு இருக்கும், செடி காலைச் சுற்றும்.

அந்தக் கிணறு இப்போது வறண்டு, குப்பை கொட்டும் இடமாகக் கிடக்கிறது. சுற்றிலும் போர்வெல்கள் அதைக் குடித்துவிட்டன. நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீரை நிலத்தின் சொந்தக்காரர் எடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமை 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் வரைக்கும் போகிறது. கவலை ஏற்றமும் மாடும் இருந்த காலத்தில் அந்த உரிமைக்கு இயற்கையான எல்லை இருந்தது. மாடு களைத்தால் தண்ணீர் நின்றுவிடும். திருச்செங்கோட்டு ரிக் லாரிகளும் நீர்மூழ்கி மோட்டாரும் வந்தபின் எல்லை போய்விட்டது. யாருடைய துளை ஆழமோ அவருடையது தண்ணீர். இதைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாடு 2003இல் நிலத்தடி நீர்ச் சட்டம் கொண்டுவந்தது. நடைமுறைக்கே வராத அந்தச் சட்டத்தை 2013இல் ரத்தும் செய்துவிட்டது.

ஆழத் தோண்டிய தண்ணீரோடு கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் இன்னொன்றும் மேலே வந்தது. ஃப்ளோரைடு. பாறைக்குள் ஊறிய தண்ணீர் பிள்ளைகளின் பல்லைக் கறையாக்கியது, பெரியவர்களின் எலும்பை இறுக்கியது. ஏரியை விட்டு அவரவர் போர்வெல்லுக்குப் போன இரண்டு மாவட்டங்கள், கடைசியில் காவிரியிலிருந்து எல்லாருக்கும் சேர்த்து ஒரே குழாயில் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஜப்பானியக் கடனுதவியோடு, ஏறக்குறைய 1,900 கோடி ரூபாய் செலவில், கர்நாடகத்தோடு தகராறுக்குப் பிறகு 2013இல் நடைமுறைக்கு வந்த ஒகேனக்கல் திட்டம் அது. அதன் பெயரைக் கவனியுங்கள்: கூட்டுக் குடிநீர்த் திட்டம். தனித்தனியாகத் தோண்டி முடித்த பிறகு நாம் கண்டுபிடித்த சொல் 'கூட்டு'.

அதற்காகக் கூட்டு என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. மஹாட்டில் சாணத்தை ஊற்றிச் சுத்தம் செய்தவர்களுக்கும் இதற்கும் நடுவில் 95 வருடங்கள்.

*

இனி உத்தனப்பள்ளிக்கு வரலாம். பெங்களூரின் கழிவைச் சுமந்துகொண்டு தென்பெண்ணை ஓசூர் வருகிறது. கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரை மலைபோலப் பொங்கும் படங்களை நீங்கள் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அந்த ஆற்றில் யாரும் பிள்ளையை இறக்கி நீச்சல் சொல்லித்தர மாட்டார்கள். ஆற்றை நாம் பொதுவில் கெடுத்தோம், குளத்தைத் தனியில் வாங்கிக்கொள்கிறோம். 2024 மார்ச்சில் பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, நீச்சல்குளங்களில் குடிநீரை நிரப்பக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அந்நகரக் குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. அந்த உத்தரவு எல்லை தாண்டி வராது. விளம்பரப் பலகைகள் தாண்டி வந்துவிட்டன.

இந்தப் பக்கம் நிலமும் சும்மா கிடக்கவில்லை. உத்தனப்பள்ளி, நாகமங்கலம், அயர்னப்பள்ளி ஊராட்சிகளின் விவசாயிகள் சிப்காட் நில எடுப்பை எதிர்த்து 2023இல் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்திலேயே செல்போன் பாகங்கள் செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை, அதில் பல ஊர்களிலிருந்து வந்த இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை பார்க்கிறார்கள். தக்காளி போடுகிற உள்ளூர்க்காரர், விடுதியில் தங்கும் பத்தொன்பது வயதுத் தொழிலாளி, கட்டட வேலைக்கு வந்த பீகார்க்காரர், வில்லா வாங்க வரும் என் போன்றவர். நாலு பேருக்கும் ஒரே நிலத்தடி நீர். ஆனால் நாலு பேரும் சேர்ந்து இறங்க ஒரு குளம் இந்தச் சாலையில் இல்லை.

"நீச்சல்குளம் ஆடம்பரம்தானே, அதுக்கு ஏன் இவ்வளவு?" என்று கேட்கலாம். இந்தியாவில் ஆண்டுதோறும் 30,000 பேருக்கு மேல் தண்ணீரில் மூழ்கிச் சாகிறார்கள். ஏரி, கல்குவாரிப் பள்ளம், பாழுங்கிணறு. கோடை விடுமுறை வந்தால் நம் மாவட்டச் செய்திகளில் இது தவறுவதில்லை. நீச்சல் தெரிவது உயிர்ப் பிரச்சினை. அமெரிக்காவில் குளங்கள் மூடப்பட்டு அரை நூற்றாண்டு ஆன பிறகும் அந்தக் கணக்கு தீரவில்லை. 10 முதல் 14 வயதுக்குள், நீச்சல்குளத்தில் மூழ்கி இறக்கும் வீதம் கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளையினக் குழந்தைகளைப்போல் ஏழு மடங்குக்கும் மேல் என்று அந்நாட்டின் நோய்த் தடுப்பு மையம் கணக்கிட்டது. தாத்தாவைக் குளத்தில் இறங்கவிடவில்லை, அதனால் அப்பாவுக்கு நீச்சல் தெரியாது, பேரனுக்குச் சொல்லித்தர ஆளில்லை. காலனிப் பையன்களுக்குச் சேறு நிறைந்த ஏரியைக் காட்டிய ஊர்களிலும் இதே கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. யாரும் அதை எண்ணவில்லை.

ஆகவே தனிக் குளமா, பொதுக் குளமா என்றால் பொதுதான். ஏழு மடங்குத் தண்ணீர்க் கணக்கு ஒன்றே போதும். ஆனால் 'பொது' என்று பலகையில் எழுதியிருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்துவிட முடியாது. நான் பார்த்த ஒரு குடியிருப்பில் குளத்தின் கம்பிக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது: வீட்டு வேலை செய்வோர், டிரைவர்கள், வாடகைக்கு இருப்போரின் விருந்தினர்களுக்கு அனுமதி இல்லை. காரணம் கேட்டேன். "ஹைஜீன் சார்" என்றார் காவலாளி. அவரும் அனுமதி இல்லாதவர்களில் ஒருவர்தான். சுத்தம், நோய், கூட்டம். 1930களின் அமெரிக்க நகராட்சிகள் சொன்ன அதே மூன்று சொற்கள்.

குடியிருப்புச் சங்கம் ஒன்றில் சேரப்போகிற என் வயதுக்காரர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள். குளத்தின் நீளம் அகலத்தைவிட மூன்று விஷயங்களைக் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அந்த போர்வெல்லால் பக்கத்துத் தோட்டக்காரரின் கிணறு இறங்குகிறதா? வாடகைக்காரருக்கும் அங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கும் குளம் உண்டா? வாரத்தில் ஒரு காலையாவது பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வந்து நீச்சல் கற்க முடியுமா? மூன்றாவது கேள்வியைக் கேட்டால் கூட்டத்தில் கொஞ்ச நேரம் அமைதி வரும். இன்ஷூரன்ஸ், பாதுகாப்பு, பராமரிப்புச் செலவு என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். எல்லாமே நியாயமான விஷயங்கள், எல்லாவற்றுக்கும் வழியும் உண்டு. பயிற்சியாளருக்கு மாதம் எவ்வளவு, ஒரு பிள்ளைக்கு எவ்வளவு நேரம், குளோரின் எவ்வளவு கூடும் என்று எக்செல் ஷீட் போடுவது நமக்கு ஒரு மணி நேர வேலை.

சங்க விதிகளை எழுதுகிறவர்கள் அநேகமாக நாமாகத்தான் இருப்போம். லிட்டில் ஹன்ட்டிங் பார்க்கில் ஃப்ரீமனைத் தடுத்தவர்களும் நல்ல வேலையில் இருந்து, சந்தா ஒழுங்காகக் கட்டி, மாலையில் கூடிக் கையெழுத்துப் போட்டவர்கள்தான். 'யார் பயன்படுத்தலாம்' என்ற தலைப்புக்குக் கீழே என்ன எழுதுவது என்று அவர்களுக்கும் ஒரு மாலை இருந்தது. நமக்கும் வரும்.